1967 பான்டியாக் ஜி.டி.ஓ. கன்வர்டிபிள்: பெயிண்ட்டைப் பார்க்காதீர்கள், அடியில் பாருங்கள்

கேள்வி இதுதான்: டெட்ராய்ட் பக்கம் வசிக்கும் ஒருவர் 1967 பான்டியாக் ஜி.டி.ஓ. கன்வர்டிபிள் ஒன்றை விற்பனைக்குப் பார்த்திருக்கிறார். சிவப்பு வண்டி, மடக்கி இறக்கக்கூடிய கறுப்புத் துணி டாப், நான்கு கியர் மேனுவல். "சேஸிஸ் வரை பிரித்து முழுமையாக ரெஸ்டோர் செய்தது, மேட்சிங் நம்பர்ஸ்" என்று விளம்பரம் சொல்கிறது. படங்களில் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. கேட்கிற விலை கொடுத்து வாங்கலாமா?

விலையைப் பற்றி அப்புறம் பேசலாம். விளம்பரத்தில் இருக்கும் இரண்டு சொற்களும் உண்மையா என்று தெரியாமல் எந்த விலையும் சரியா தவறா என்று சொல்ல முடியாது. "ரெஸ்டோர் செய்தது" என்றால் என்ன என்பதற்கு அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியவரும் அதையே சொல்கிறார், பட்டி வைத்துத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தவரும் அதையே சொல்கிறார். கன்வர்டிபிளில் இந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது. கூரை உள்ள வண்டியில் கூரையும் தூண்களும் சேர்ந்து பாடியை இறுக்கிப் பிடித்திருக்கும். கன்வர்டிபிளில் அந்த வேலை முழுவதும் தரைக்கும் சேஸிஸுக்கும் போய்விடுகிறது. அந்த இரண்டும் துருப்பிடித்திருந்தால், மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் நீங்கள் வாங்குவது வண்டியே இல்லை.

இந்த வண்டிக்கு ஏன் இவ்வளவு மவுசு, ஏன் இவ்வளவு போலி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

1963 தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கம்பெனிகள் எதுவும் கார் பந்தயத்தில் ஈடுபடக் கூடாது என்று உத்தரவு போட்டது. நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. அந்தக் கம்பெனிகளில் ஒன்றான பான்டியாக்கில் அப்போது தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஜான் டிலோரியன். அவரும் அவரோடு இருந்த பில் காலின்ஸ், ரஸ் கீ ஆகியோரும், பெரிய கார்களுக்கான 389 கன அங்குல இன்ஜினை நடுத்தர அளவுள்ள டெம்பஸ்ட்டில் இறக்கிப் பார்த்தார்கள். டெம்பஸ்ட்டில் ஏற்கெனவே இருந்த 326 கன அங்குல இன்ஜினுக்கும் இதற்கும் வெளி அளவு ஒன்றுதான் என்பதால் எந்தச் சிரமமும் இல்லாமல் உட்கார்ந்துவிட்டது. புது மாடல் என்று சொன்னால் மேலிடம் தடுக்கும். அதனால் டெம்பஸ்ட்டின் உயர் வகையான 1964 லெமான்ஸ் காருக்கு ஜி.டி.ஓ. என்று ஒரு 'ஆப்ஷன்' போட்டார்கள். விலை சுமார் 295 டாலர். ஐயாயிரம் வண்டி போனால் போதும் என்று ஆரம்பித்தது முதல் வருடமே 32,450 விற்றது. 1966-இல் 96,946. நடுத்தர காரில் பெரிய இன்ஜின் வைக்கும் 'மசில் கார்' என்ற வகையே இதிலிருந்து கிளம்பியது என்று பெரும்பாலோர் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

அதாவது ஜி.டி.ஓ. என்பதே ஒரு லெமான்ஸ் காரில் வேறு இன்ஜினும் வேறு சின்னமும் சேர்த்துச் செய்ததுதான். தொழிற்சாலை செய்ததை வீட்டுக் கராஜிலும் செய்யலாம். ஒரு சாதாரண லெமான்ஸ் கன்வர்டிபிளை வாங்கி, முன் கிரில், பானெட், பின் விளக்கு, சின்னங்கள் எல்லாம் மாட்டினால் பார்ப்பதற்கு ஜி.டி.ஓ. தான். இப்படிப்பட்ட வண்டியை 'குளோன்' என்பார்கள், கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறவர்கள் 'ட்ரிப்யூட்' என்பார்கள்.

நல்ல வேளையாக நீங்கள் பார்த்திருப்பது 1967. 1964, 65 வண்டிகளில் ஜி.டி.ஓ. வெறும் ஆப்ஷன் என்பதால் வண்டி எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. 1966-இல் அதைத் தனி மாடலாக ஆக்கிவிட்டார்கள், எண்ணும் தனியாக வந்தது. 1967 வண்டியில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கீல் இருக்கும் தூணில் ஒரு சிறிய தகடு இருக்கும். எண் 242-இல் தொடங்க வேண்டும். 2 என்றால் பான்டியாக், 42 என்றால் ஜி.டி.ஓ. அடுத்த இரண்டு இலக்கம் 67 என்றால் கன்வர்டிபிள் பாடி. (இந்த 67 வருடம் அல்ல. நிறைய பேர் குழம்புகிற இடம் இது.) அதற்கு அடுத்த ஒற்றை 7 தான் வருடம். பிறகு தொழிற்சாலைக்கு ஓர் எழுத்து, கடைசியில் வரிசை எண். 237 என்று தொடங்கினால் அது லெமான்ஸ், பேச்சே இல்லை. 24217 என்று இருந்தால் தொழிற்சாலையிலிருந்து ஹார்ட்டாப்பாக வந்த வண்டி, யாரோ கூரையை அறுத்திருக்கிறார்கள். அப்படி ஒன்று கிடைத்தால் ஓடி வந்துவிடுங்கள்.

தகட்டைச் சுற்றியும் பாருங்கள். சுற்றிலும் பெயிண்ட் புதிதாக இருந்து தகடு மட்டும் கீறலோடு வளைந்திருந்தால், அது வேறு வண்டியிலிருந்து கழற்றி வைத்ததாக இருக்கலாம். உரிமைப் பத்திரத்தில் இருக்கும் எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி 'மேட்சிங் நம்பர்ஸ்'. வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த அதே இன்ஜின் இன்றும் இருக்கிறது என்பதுதான் இதன் பொருள். 1968-லிருந்து வண்டி எண்ணின் பகுதியை இன்ஜின் பிளாக்கிலேயே பொறித்தார்கள், அதனால் நேரே ஒப்பிட்டுவிடலாம். 1967-இல் அது கிடையாது! பிளாக்கின் முன்பக்கம், பயணி பக்கமாக, சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே ஓர் இன்ஜின் எண்ணும் அதன் கீழ் இரண்டு எழுத்துகளும் இருக்கும். அந்த எண் வண்டி எண்ணிலிருந்து முற்றிலும் வேறு. இரண்டையும் இணைப்பது ஒரே ஒரு காகிதம்: தொழிற்சாலையின் பில்லிங் பதிவு. இந்தப் பதிவுகளின் பிரதிகளைப் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு தருகிறது. வண்டி எண்ணைக் கொடுத்தால் போதும். எந்த டீலருக்கு அனுப்பினார்கள், என்னென்ன ஆப்ஷன், எந்த கியர் பாக்ஸ், இன்ஜின் எண் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஆகவே 1967 வண்டியை விற்பவர் "மேட்சிங் நம்பர்ஸ்" என்று சொன்னால் உடனே கேட்க வேண்டிய கேள்வி: "அந்தப் பேப்பரைக் காட்டுங்கள்." பேப்பர் இல்லாமல் அந்த வார்த்தையைச் சொல்ல இந்த வருட வண்டியில் வழியே இல்லை. அவரிடம் இல்லையென்றால் நீங்களே வரவழையுங்கள். செலவாகும் பணம் வண்டி விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அந்த இரண்டு எழுத்துகளும் நிறையச் சொல்லும். 1967-இல் 389 போய் 400 கன அங்குல இன்ஜின் வந்தது. சாதாரண ஜி.டி.ஓ. 335 குதிரைசக்தி. கூடுதல் சக்திக்கான எச்.ஓ., ராம் ஏர் என்ற இரண்டு ஆப்ஷன்களுக்கும் 360 என்று போட்டார்கள். ஆட்டோமேட்டிக்கோடு மட்டும் 255 குதிரைசக்தி கொண்ட இரண்டு பேரல் கார்புரேட்டர் இன்ஜினும் கொடுத்தார்கள். நீங்கள் பார்த்தது நான்கு கியர் மேனுவல் என்கிறீர்கள். அப்படியானால் 335-க்கு டபிள்யூ-டி, எச்.ஓ.வுக்கு டபிள்யூ-எஸ் என்று இருக்க வேண்டும். ஒய்-எஸ் என்று இருந்தால் அது ஆட்டோமேட்டிக் வண்டிக்கு வந்த இன்ஜின். பின்னாளில் கியர் பாக்ஸை மாற்றியிருக்கலாம், இன்ஜினையே மாற்றியிருக்கலாம். பான்டியாக்கின் 326-உம் 400-உம் 455-உம் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். நீல நிறத்தில் பளபளவென்று பெயிண்ட் அடித்த இன்ஜின் எதை வேண்டுமானாலும் மறைக்கும்.

நிறத்தையும் ஒப்பிட்டுவிடலாம். பானெட்டைத் திறந்தால், இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் இடையே இருக்கும் சுவரில் (ஃபயர்வால்), பாடியைச் செய்த ஃபிஷர் பாடியின் தகடு இருக்கும். பெயிண்ட் எழுத்து 'ஆர்' என்றால் ரீஜிமென்டல் ரெட், பிறவிச் சிவப்பு. வேறு எழுத்து இருந்தால் நிறம் மாற்றியிருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஆனால் விலையில் அது தெரிய வேண்டும்.

இவ்வளவும் காகித வேலை. இதற்கு மேல்தான் முக்கியமானது, வண்டிக்கு அடியில் படுப்பது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் ஒரு 1968 லெமான்ஸ் கன்வர்டிபிள் வாங்கினேன். ரெஸ்டோர் செய்தது என்றுதான் சொன்னார்கள். மாலை நேரம், டாப்பை இறக்கி ஒரு சுற்று ஓட்டினேன், மனது பறிகொடுத்துவிட்டேன். மறு வாரம் தரைவிரிப்பை எடுத்தபோது ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே இருந்த தரை கறுப்பாக, வழவழப்பாக இருந்தது. கட்டை விரலால் அழுத்தினேன். உள்ளே போனது. தகரத்துக்குப் பதிலாக ஃபைபர் துணியை ரெசினில் ஒட்டி, ஓரங்களில் ரிவெட் அடித்து, மேலே தார் பூசியிருந்தார்கள். கிளறிப் பார்த்தால் பாடி சேஸிஸில் உட்காரும் இடங்களில் ரப்பர் இருந்தது, அதைத் தாங்க வேண்டிய இரும்பு இல்லை. வாங்கிய விலைக்கு மேல் செலவழித்துதான் அதைச் சாலையில் ஓட்ட முடிந்தது. அன்றிலிருந்து எந்த வண்டியையும் முதலில் அடியில் பார்த்துவிட்டுத்தான் மேலே பார்க்கிறேன்.

அதனால் முதல் நிபந்தனை: வண்டியை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்க அனுமதிக்க வேண்டும். நேர்மையாக வேலை செய்தவர் இதற்குச் சந்தோஷப்படுவார். தான் செய்த வேலையைக் காட்டும் ஆசை அவருக்குத்தான் உங்களைவிட அதிகம் இருக்கும். தயங்கினால் காரணம் எதுவாக இருந்தாலும் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

லிஃப்ட்டில் ஏறியதும் சேஸிஸின் பக்கவாட்டுச் சட்டத்தைப் பிடித்துப் பாருங்கள். ஹார்ட்டாப் வண்டிகளில் பெரும்பாலும் அந்தச் சட்டம் உள்பக்கம் திறந்திருக்கும், விரலை உள்ளே மடக்கலாம். கன்வர்டிபிளுக்கு நான்கு பக்கமும் மூடிய பெட்டிச் சட்டம் கொடுத்தார்கள். கூரை இல்லாத குறையை ஈடுகட்டத்தான் அது. விரல் உள்ளே போனால் அது கன்வர்டிபிளின் சேஸிஸ் அல்ல. ஆனால் இந்த மூடிய பெட்டிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மண்ணும் ஈரமும் உள்ளே போனால் வெளியே வராது. வெளியில் கறுப்பு பெயிண்ட் புதிதாக இருக்கும், உள்ளேயிருந்து அரித்துக்கொண்டு வரும். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் நீளமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இடம் பொத்தென்று கேட்கும். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சட்டம் வளைந்து ஏறுகிற இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

மிச்சிகனில் இது இன்னும் முக்கியம். குளிர்காலத்தில் சாலையெல்லாம் உப்பு கொட்டுகிறார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்கிறது, பிறகு ஏன் கொட்ட மாட்டார்கள்? இங்கேயே ஓடின வண்டியா, அரிசோனா மாதிரி வறண்ட ஊரிலிருந்து வந்ததா என்று கேளுங்கள். பழைய உரிமைப் பத்திரங்களும் ரசீதுகளும் இருந்தால் அவற்றில் இருக்கும் ஊர்களைப் பாருங்கள்.

மேலே பாடியில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஃப்ரிட்ஜில் ஒட்டும் சாதாரணக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள், பெயிண்ட் கீறாது. பின் சக்கரத்தைச் சுற்றியுள்ள வளைவு, அதற்குப் பின்னால் பம்பர் வரை கீழ்ப்பகுதி, கதவுகளின் அடி விளிம்பு. இங்கெல்லாம் காந்தம் பிடிக்காமல் நழுவினால் அடியில் கனமாகப் பட்டி இருக்கிறது. டிக்கியில் விரிப்பைத் தூக்கி ஸ்பேர் வீல் இடத்தையும் இரண்டு ஓரப் பள்ளங்களையும் விரலால் தடவுங்கள். கன்வர்டிபிளில் டாப்பின் பின் ஓரம் கசிந்தால் தண்ணீர் நேராக அங்கேதான் போய் நிற்கும்.

கதவு இடைவெளிகள் பற்றி ஒரு சோதனை. வண்டி தரையில் இருக்கும்போது கதவுக்கும் பின் பேனலுக்கும் இடையே உள்ள இடைவெளியை மேலும் கீழும் பாருங்கள். பிறகு லிஃப்ட்டில் ஏற்றிய நிலையில் அதே கதவைத் திறந்து மூடுங்கள். கொஞ்சம் மாறுவது இயல்பு. கதவு பூட்டில் உரசினாலோ மேல் இடைவெளி கண்ணுக்குத் தெரிய குறுகினாலோ நடுவில் பாடி தொய்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட வண்டியைச் சரிசெய்ய மறுபடியும் முழுதாகப் பிரிக்க வேண்டும்.

டாப்பை நீங்களே மூன்று முறை இறக்கி ஏற்றுங்கள், இன்ஜின் ஓடும்போது. பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு மின் பம்ப்பும் இரண்டு பக்கமும் இரண்டு ஹைட்ராலிக் சிலிண்டரும் இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஒன்றாக எழ வேண்டும். ஒரு பக்கம் முந்திக்கொண்டு மறு பக்கம் இழுபட்டு வந்தால் சிலிண்டர் போயிருக்கலாம் அல்லது இரும்புச் சட்டம் வளைந்திருக்கலாம். சிலிண்டர் சின்னச் செலவு. சட்டம் வளைந்திருந்தால் தலைவலி. பின் சீட்டின் ஓரத் துணியில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். டாப் மேலே இருக்கும்போது கண்ணாடிகளை ஏற்றினால் ரப்பரோடு முழுதாகப் பொருந்த வேண்டும்.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். "நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள், போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். பான்டியாக் இன்ஜினுக்கென்று இரண்டு பழைய வியாதிகள் உண்டு. ஒன்று, கிராங்க் ஷாஃப்ட்டின் பின்புற சீல். அந்தக் காலத்தில் கயிறு மாதிரியான சீல் போட்டார்கள், அது கசியும். ஒன்றிரண்டு சொட்டு என்றால் கவலை வேண்டாம். இரண்டாவது கொஞ்சம் ஆபத்து. டைமிங் செயினின் மேல் பல் சக்கரத்தில் சத்தம் குறைய நைலான் பல் கொடுத்திருந்தார்கள். வயதானால் நைலான் உதிர்ந்து ஆயில் பம்ப்பின் வாயை அடைக்கும். இன்ஜினைப் பிரித்து வேலை செய்ததாகச் சொன்னால், முழு உலோகச் சக்கரம் போட்டார்களா என்று கேளுங்கள், ரசீதைக் கேளுங்கள். செயின் தளர்ச்சியைப் பிரிக்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, கிராங்க்கை ஸ்பேனரால் மெதுவாகத் திருப்பி, பிறகு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். உள்ளே ரோட்டர் அசைவதற்கு முன் கிராங்க் எவ்வளவு தூரம் சும்மா சுற்றுகிறதோ அவ்வளவு தளர்ச்சி.

பிரேக் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நான்கு சக்கரத்திலும் டிரம் தான் அடிப்படை. முன்பக்க டிஸ்க் 1967-இல் புதிதாக வந்த ஆப்ஷன். அந்த வருடம்தான் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி சர்க்யூட் உள்ள மாஸ்டர் சிலிண்டரும் வந்தது, மோதலில் மடங்கும் ஸ்டீயரிங் தண்டும் வந்தது. 1966-ஐவிட 1967-ஐ நான் எப்போதும் சிபாரிசு செய்வதற்கு இதுதான் காரணம். டிரம் பிரேக் ஒரு முறை நன்றாக நிறுத்தும். அடுத்தடுத்து மிதித்தால் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். முன்னே டிஸ்க் இருந்தால் தொழிற்சாலை கொடுத்ததா, பிறகு மாட்டியதா என்று அந்த பில்லிங் பேப்பரே சொல்லிவிடும். பிறகு மாட்டியதாக இருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன், குழந்தைகளை உட்கார வைத்து ஓட்டப்போகிற வண்டி.

இப்போது விலை. 1967-இல் 81,722 ஜி.டி.ஓ. செய்தார்கள், அதில் கன்வர்டிபிள் 9,517 தான். பேப்பர் பொருந்தி, அடிப்பகுதி சுத்தமாக இருந்து, வேலை நடந்தபோது எடுத்த படங்களும் இருந்தால், கேட்கிற விலை உங்கள் கைக்கு எட்டுமானால் பேரம் பேசி வாங்கிவிடுங்கள். அந்தப் படங்களை நான் பெரிதாக மதிக்கிறேன். சேஸிஸ் தனியாக, பாடி தனியாக நிற்கும் படம் இல்லாமல் "சேஸிஸ் வரை பிரித்தேன்" என்று சொன்னால் நம்ப மாட்டேன். அவ்வளவு உழைப்பைச் செய்கிற எவரும் படம் எடுக்காமல் இருப்பதில்லை.

இன்ஜின் மாற்றியது என்று தெரிந்தால், அடிப்பகுதி நன்றாக இருக்கிற பட்சத்தில் வண்டியை ஒதுக்க வேண்டாம், விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். வாரக்கடைசியில் குடும்பத்தோடு ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அந்த வண்டிதான் உங்களுக்குப் பொருத்தம் என்றுகூடச் சொல்வேன். பிறவி இன்ஜின் உள்ள வண்டியை எடுத்துக்கொண்டு மழைக்குப் பயந்து வீட்டில் வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். லெமான்ஸை ஜி.டி.ஓ. ஆக்கியதைக்கூட, ஆக்கியதாகச் சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்றால் தாராளமாக வாங்கலாம். உதிரி பாகங்களுக்குக் கவலை இல்லை. ஷெவர்லேயின் செவெல் காரோடு ஒரே அடித்தளம் என்பதால் பல பாகங்கள் பொது. பான்டியாக்குக்கு மட்டுமே உரியவற்றை எய்ம்ஸ் மாதிரியான கடைகள் வைத்திருக்கின்றன. டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள், தயாரித்த வாரமும் வருடமும் அதுதான். கட்டை தேயாமலே பத்து வருடம் ஆகியிருந்தால் மாற்றும் செலவையும் பேரத்தில் சேருங்கள்.

வாங்கிவிட்டால் இன்ஷூரன்ஸை, மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளும் வகையில் எடுங்கள். இல்லையென்றால் விபத்தில் பழைய கார் என்ற கணக்கில் சில்லறை கொடுப்பார்கள். மிச்சிகனில் 25 வருடம் தாண்டிய வண்டிக்கு ஹிஸ்டாரிக் பிளேட் கிடைக்கும். கண்காட்சி, அணிவகுப்பு மாதிரியானவற்றுக்குத்தான் அதில் போகலாம், ஆகஸ்ட் மாதம் மட்டும் விலக்கு. அந்த ஆகஸ்டில்தான் வுட்வர்ட் சாலையில் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார்களின் பவனி நடக்கிறது, 1995-லிருந்து. அந்தச் சாலை போய் முடிகிற ஊர் பான்டியாக். உங்கள் வண்டி எண்ணில் தொழிற்சாலை எழுத்து 'பி' என்று இருந்தால் வண்டி பிறந்ததே அங்கேதான்.

குளிர்காலத்தில் நிறுத்தி வைக்கும்போது டாப்பை மடக்கி வைக்காதீர்கள். மேலே ஏற்றி, கொக்கி மாட்டி வையுங்கள். ஐந்து மாதம் மடங்கிக் கிடந்த துணி சுருங்கிப்போய், வசந்தத்தில் முன் கண்ணாடிச் சட்டத்தை எட்டாமல் இரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றுவிடும்.